மன்னார்க் குதிரையின் காது

அன்புள்ள மகளுக்கு,

நீ நலம், நாங்கள் நலம் என்று தொடங்கத் தேவையில்லை. நேற்றுப் பின்னேரம்தானே போனில் கதைத்தோம். அங்கே மழை, இங்கே வெயில் என்பதும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பிறகு என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "அதுக்கென்னப்பா, பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிடுவாய். உன்னுடைய அந்தப் பரவாயில்லைக்குத்தான் எனக்குப் பயம். தபாலில் போட்டால் மலை ஏறி உன்னிடம் வர நாள் எடுக்கும் என்பதால், அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனுப்ப முதல் ஒரு வரி விடாமல் வாசிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். இதில் வருகிற குற்றத்துக்கு அவளே காதால் கேட்ட சாட்சி.

விஷயத்தை முதலே உடைத்துவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் அம்மன் கோயில் தலைவர் இன்னும் இரண்டு பேருடன் வீட்டுக்கு வந்தார். வேட்டைத் திருவிழாவுக்கு அம்பாள் ஏறிவருகிற குதிரை வாகனத்தின் முன்னங்கால் வெடித்துவிட்டது, உள்ளே கறையான் அரித்துவிட்டது, வருகிற வருடத் திருவிழாவுக்குப் புதுக் குதிரை செய்ய வேண்டும் என்றார். ஊரில் மரம் செதுக்குகிறவன் நான்தானே, நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "ஓடாவியார், குறை நினைக்கப்படாது. உங்கடை மகளைக் கேட்டுச் சொல்லுங்கோ. அந்த மயில் வாகனத்திலை அவவின்ரை கை இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும். குதிரையை அவ செய்தா நல்லம்" என்றார். நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அவவுக்கு நேரமில்லை. அங்கை ரெண்டு வருசத்துக்கு வேலை குவிஞ்சு கிடக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. உனக்குச் சொல்லவும் இல்லை. உன் பெயருக்கு வந்த முதல் வேலையை உன் அப்பா நான்தான் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்க, அந்தக் குதிரையின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். நாங்கள் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த காலம். நீ மூன்றாம் வகுப்பு. முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு வாகனப் பட்டறையில் எட்டு வருடம் உளி பிடித்த அனுபவத்தோடு வந்திறங்கினேன். அங்கே நான் செதுக்கியது சிங்கம், அன்னம், யாளி. சிங்கத்தையும் யாளியையும் எங்கள் ஊரில் எவரும் நேரே கண்டதில்லை. ஆகவே எவரும் பிழை பிடித்ததும் இல்லை. அந்தத் துணிச்சலில், கோயிலார் குதிரை கேட்டவுடன் "ஓம், செய்து தாறன்" என்றேன். கையில் வேறு வேலையும் இல்லை.

அந்தப் பட்டறையில் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தார்கள்: இன்னொருவன் செய்த வாகனத்தைப் பார்த்துச் செய்யாதே, உயிரோடு நிற்கிறதைப் பார்த்துச் செய். நல்ல பாடம்தான். அம்மா அப்போதே சொன்னாள், "இஞ்சாருங்கோ, கேதீச்சரக் கோயிலிலை குதிரை வாகனம் நிக்கும். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்று. நான் கேட்கவில்லை. அதைப் பார்த்துச் செய்தால் அது அந்த ஆசாரியின் குதிரையாகிவிடும், எனக்கு உயிருள்ள குதிரை வேண்டும் என்று நின்றேன். மன்னாரில் உயிருள்ள குதிரைக்கு எங்கே போவது? படத்தில் கண்ட குதிரைகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. காதைப் பார்க்க நேரம் தந்ததில்லை. ஆனால் டவுனில் வேறொன்று தாராளமாக நின்றது. பஸ் நிலையத்தில், வங்கி வாசலில், கடற்கரை வீதியின் நடுவில், பெருக்கமர நிழலில் என்று பார்த்த இடமெல்லாம் நாலு கால், குளம்பு, பிடரி, வால். மூன்று நாள் வாழைப்பழத்தோடு போய், ஒன்றுக்கு முன்னால் குந்தியிருந்து கொப்பியில் கீறினேன். கழுதையைக் கொஞ்சம் பெருப்பித்தால் குதிரைதானே என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில் பிழைத்தது காது மட்டும்தான் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் வயிறும் பிழை, முகமும் பிழை. கண்ணில் குதிரையின் மிடுக்கு இல்லை. "நடுறோட்டிலை நிக்கிறன், வேணுமெண்டாச் சுத்திப் போ" என்கிற பொறுமைதான் இருந்தது. வாகனக் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய வேண்டும் அல்லவா? முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கழுதையை உலகத்தில் முதன்முதல் கண்டவர்கள் எங்கள் ஊரார். திருவிழாவுக்கு முதல் கிழமை, எருக்கலம்பிட்டி நானா தன் புது வீட்டுக் கதவுக்கு அளவு சொல்லப் பட்டறைக்கு வந்தார். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அவருக்கு. வாகனத்தை ஒருதரம் சுற்றி வந்தார், தாடியைத் தடவினார், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, கோவிக்கப்படாது. இது மன்னார்க் குதிரைதானே?" வெளியூரார் எங்கள் கழுதைக்கு வைத்த பட்டம் அல்லவா அது? அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றைக்கும் போகவில்லை. தன் கதவில் பூவும் கொடியும் மட்டும் போதும், உயிருள்ள எதையும் செதுக்க வேண்டாம் என்றார். அது முஸ்லிம்களின் வழக்கம். என் குதிரையைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னார் என்று அம்மா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள்.

ஊரார் நல்லவர்கள். திருவிழா அன்று பூமாலை கட்டுகிறவர் இரண்டு காதையும் மாலையால் சுற்றி மூடிவிட்டார். அந்த வருடம் தொடங்கி, மாலைக் கணக்குச் சொல்லும்போது "காதுக்கு நாலு" என்று தனியாகச் சொல்வது கோயில் வழக்கமாகவே போய்விட்டது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் உள்ளே ஒரு முள் கிடந்தது, பிள்ளை. ஏழு வருடத்துக்கு முன்னர் இலுப்பைக்கடவைப் பக்கமிருந்து ஒரு இலுப்பைக் குற்றி கொண்டுவந்து பட்டறைக்குப் பின்னால் தகரத்தின் கீழ் போட்டேனே, நிலைக்கதவுக்கு என்று சொன்னேனே, அது நிலைக்கதவுக்கு அல்ல. என்றைக்காவது ஒருநாள் அந்தக் குதிரையை நானே திரும்பச் செய்து, நாலு மாலையின் செலவை மிச்சப்படுத்த வேண்டும் என்று ஒளித்து வைத்தது. தலைவர் "குதிரை" என்றபோது நான் நிமிர்ந்ததும், "உங்கடை மகள்" என்றபோது நான் பொய் சொன்னதும் அதனால்தான். இப்போது என் வலது தோள் கொட்டாப்புளியைத் தலைக்கு மேலே தூக்க விடுவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசைக்கு மட்டும் தெரியவில்லை.

இதோடு போனால் இது ஒரு பொய்தான். ஆனால் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. மயில் வாகனத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் இடுப்புப் பிடித்துப் பாயில் கிடந்த அந்த நாலு மாதமும் நீதான் செய்தாய். தோகையில் ஒவ்வொரு பீலியாக எடுத்தாய். நான் படுத்தபடியே "அங்கை ஆழமா வெட்டாதை", "இங்கை மரத்தின்ரை நார் ஓட்டத்தைப் பார்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பாதியை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் மயில் நல்லாய் வந்ததற்குக் காரணம். கடைசி வேலை கண். நல்ல நேரம் பார்த்து, திரை கட்டி, செய்தவர் தனியாக உள்ளே போய்ச் சின்ன உளியால் கருமணியைக் கீறிவிட்டு வரவேண்டும். அதுவரைக்கும் மரம், அதற்குப் பிறகுதான் வாகனம். கண் திறந்தவர்தான் செய்தவர் என்று ஊரும் எடுத்துக்கொள்ளும். அன்று விடிய நீ தலைமுழுகி, ஈரத் தலையோடு, கையில் அந்தச் சின்ன உளியோடு நின்றாய். நான் என்ன செய்தேன்? "தா பிள்ளை, இது பெரிய வேலை" என்று உன் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நாலு மாத வேலைக்கு இரண்டு நிமிடம். வெளியே வந்தேன், பொன்னாடை போர்த்தினார்கள். "மகள்தான் செய்தவ" என்று சொல்ல வாய் திறக்கவில்லை. நீ தூணடியில் நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாய். வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், "சால்வை வடிவா இருக்கப்பா" என்று மட்டும் சொன்னாய். அடுத்த மாதம் மலைநாட்டுப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்று பயணம் வெளிக்கிட்டாய்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "அங்கை வேலை கூட, வெளிநாட்டுக்காரர் வருவினம், நல்ல சம்பளம்" என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. அந்தச் சால்வையை நான் பிறகு ஒருநாளும் போர்க்கவில்லை. அலுமாரிக்குள் கிடந்தது, இப்போது அம்மா அதைத் தையல் மெசினுக்கு மூடி வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாணமாக இருக்கும். வேண்டுமென்றுதான் அங்கே போட்டிருக்கிறாள்.

போன வருடம் உன்னைப் பார்க்க மலைக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? சுவெட்டர் வேண்டாம், மன்னார்க்காரனுக்குக் குளிராது என்று வீரம் பேசி வந்து, கண்டியில் இறங்கிய உடனேயே உன் போர்வையைப் பறித்துப் போர்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஊரை எனக்கு நல்லாய்ப் பிடித்தது. வளைவுக்கு வளைவு ஒரு பட்டறை, வீட்டு விறாந்தையில் ஆண் பெண் என்று இல்லாமல் எல்லார் கையிலும் உளி, றோட்டோரத்தில் மர யானைகள் அளவு வாரியாக வரிசையில். இங்கே எங்களுக்கு ஒரு வருடத்தில் ஒரு வாகனம், நாலைந்து கதவு, அரிப்பு ஊர் மாதா கோயிலுக்கு ஒரு சிலைக் கூடு, மிச்ச நாளுக்குக் கட்டிலும் கதிரையும். அங்கே ஒரு ஊரே செதுக்கிச் சாப்பிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பொருளின் அடியிலும் செய்தவரின் பெயரைச் சின்னதாக வெட்டியிருந்தது. ஒரு தாமரைத் தட்டைப் புரட்டினேன், உன் பெயர் இருந்தது. சிங்கள எழுத்துக்குக் கீழே தமிழிலும் வெட்டியிருந்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம்தான் உன் பட்டறை அக்கா என் வேலைகளைப் பார்க்கக் கேட்டா. நான் பெருமையோடு போனைத் திறந்து நீட்டினேன். கதவைப் பார்த்தா, தலையாட்டினா. மாதா கூட்டைப் பார்த்தா, கையெடுத்துக் கும்பிட்டா. குதிரை வந்தது. அந்த மனுஷி "பூருவா!" என்று ஒரு சத்தம் போட்டு, சிரிப்பை அடக்க ஏலாமல் மரத்தூள் குவியலிலேயே இருந்துவிட்டா. எனக்குச் சிங்களம் தெரியாது. படிக்கிற வயதெல்லாம் முகாமில் போய்விட்டது. "என்ன பிள்ளை சொல்லுறா?" என்று உன்னைக் கேட்டேன். நீ கண் இமைக்காமல் சொன்னாய்: "வடிவான குதிரை எண்டு சொல்லுறா, அப்பா."

மதவாச்சியில் ஏறி மன்னார் பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல் நாக்கில் இனித்துக்கொண்டே இருந்தது. ஊரில் சொல்லிக் காட்டலாம் என்று எண்ணம். சரியாக உச்சரிக்க வேண்டுமே என்று கொண்டக்டரைக் கேட்டேன்.

"தம்பி, பூருவா எண்டா வடிவான குதிரைதானே?"

அந்தப் பிள்ளை திடுக்கிட்டுப் போய், "ஆர் ஐயா உங்களை ஏசினது?" என்றான்.

"ஒருத்தரும் என்னை ஏசேல்லை. என்ரை குதிரையைச் சொன்னவை."

"ஐயா, அது கழுதை."

மடு றோட்டுச் சந்தி வரும் வரைக்கும் தனியாக இருந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறிப் போய் இருந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ எனக்காகச் சொன்ன பொய்யை நினைத்தேன். அப்பனை அந்நிய இடத்தில் தலைகுனிய விடக்கூடாது என்று ஒரு நொடியில் உனக்கு வந்த பொய் அது. இரண்டு கிழமைக்கு முன்னர் எனக்கும் ஒரு நொடியில்தான் ஒரு பொய் வந்தது. நீ என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். நான் உன்னை மறைக்கப் பொய் சொன்னேன். ஒரே வீட்டுப் பிள்ளையும் அப்பனும்தான், ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகள். மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். இந்தச் சொல்லை வாயால் சொல்ல இன்னும் பழகவில்லை.

தலைவர் போன அன்று பின்னேரம் தேத்தண்ணியில் சீனி இல்லை. மறந்துவிட்டாள் என்று குடித்தேன். அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், "ஏனப்பா, வீட்டிலை சீனி முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "பொய் சொல்லுற வாய்க்குச் சீனி என்னத்துக்கு?" என்றாள். குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். பத்து நாள் சீனியில்லாத் தேத்தண்ணி குடித்தேன். பதினோராம் நாள், அதாவது முந்தநாள் காலை, சட்டையைப் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"தலைவர், நான் அண்டைக்குச் சொன்னது பொய். பிள்ளையை நான் கேக்கவே இல்லை" என்றேன். "மயிலும் அவ செய்ததுதான். கண்ணை மட்டும் நான் போய்த் திறந்தனான். பொன்னாடை அவவுக்குரியது" என்று அதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வருகிறது.

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாழ்ப்பாணத்திலை ஒரு பட்டறையிலை கேட்டிட்டம், ஓடாவியார். வாற வெள்ளிக்கிழமை பூசை முடிய அச்சாரம் குடுக்கிறதாக் கிடக்கு. பிள்ளை அதுக்கு முன்னம் தன்ரை வாயாலை 'செய்யிறன்' எண்டு சொன்னா நிப்பாட்டுறம். நீர் சொல்லி இனிக் கேக்கமாட்டம்" என்றார். எனக்கு வேண்டியதுதான். பிறகு கொஞ்சம் தயங்கி, "பொம்பிளைப் பிள்ளை கண் திறக்கலாமோ எண்டு சபையிலை ஒண்டு ரெண்டு பேர் இழுப்பினம்" என்றார். தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி, "உள்ளை இருக்கிறது ஆர்? அம்மன்தானே. அவவே பொம்பிளைதான். இழுக்கிறவையை என்னட்டை அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தா. தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அந்தத் தேத்தண்ணியில் சீனி இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

ஆகவே மகளே, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு முன்னர் தலைவருக்கு நீயே எடுத்துப் பேசு. நம்பரை அம்மா அனுப்புவாள். விருப்பமில்லை, அங்கே கைநிறைய வேலை இருக்கிறது என்றால், அதையும் நீயே சொல். என் வாயால் சொல்லப்பட்ட உன் பதில் ஒன்று ஏற்கெனவே ஊரில் திரிகிறது. அதை நீயாக மாற்ற வேண்டும், அல்லது நீயாக உறுதிப்படுத்த வேண்டும். எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகிவிடும். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். மிகவும் சந்தோஷம்.

புத்தி சொல்லாத அப்பன் கடிதம் எழுதியதாக வரலாறு இல்லை என்பதால் ஒன்று சொல்கிறேன். வேலைக்கு உன் பெயரைக் கேட்டு வாங்கு. தாமரைத் தட்டின் அடியில் வெட்டத் தெரிந்த உனக்கு, கோயில் வாசலில் நின்று கேட்கத் தெரியாமல் போகக்கூடாது. கேட்காத பிள்ளையின் பெயரைப் பிறத்தியார் எடுக்க மாட்டார்கள். பெற்றவன்தான் எடுப்பான், அதுவும் பாசத்தோடு. இனி நான் உளியைக் கேட்டு நீட்டினால், "தரமாட்டன் அப்பா" என்று சொல்லு. பரவாயில்லை என்று சொல்லாதே. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இன்றோடு தடை.

இலுப்பைக் குற்றியை நேற்றுத் தகரத்துக்குக் கீழிருந்து வெளியே எடுத்தேன். நானாவும் வந்து ஒரு கை கொடுத்தார். "இந்தமுறை என்ன, தம்பி, ஒட்டகமோ?" என்று கேட்டார். தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை, நல்ல சிவப்பு. ஏழு வருடம் காய்ந்த மரம் உனக்குத்தான் காத்திருந்திருக்கிறது போலும், நான்தான் எனக்கு என்று நினைத்துவிட்டேன். நுவரெலியாவில் உயிருள்ள குதிரையைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னாயே, காது ஒரு சாண்கூட வராது என்றாயே, அந்த அளவையெல்லாம் எழுதி வைத்துக்கொள். கேதீச்சரத்துக் குதிரையையும் ஒருக்கால் போய்ப் பார். அம்மா சொன்னால் கேட்க வேண்டும். சின்ன உளியைத் தீட்டி வைத்திருக்கிறேன். கண் திறக்கிற அன்று திரையை நான் பிடிப்பேன், வெளிப்பக்கத்தில். நீ கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டேன்.

ஒன்றுக்கும் பயப்படாதே. எவ்வளவு பார்த்துச் செய்தாலும் எங்கள் கைக்கு ஒரு பழக்கம் இருக்கும். தப்பித்தவறிக் காது கொஞ்சம் நீண்டுவிட்டால் கலங்கி நிற்காதே. யார் கேட்டாலும் "அது மட்டும் அப்பா செய்தது" என்று சொல்லிவிடு. ஊர் உடனே நம்பும்.

உன்
அப்பா